ஒரு பழைய பாஸ்வேர்டும் ஆறு நாள் பெட்ரோல் முடக்கமும்: கலோனியல் பைப்லைன் நிகழ்வு ஆய்வு

2021 மே 7, வெள்ளிக்கிழமை. விடியற்காலை 5 மணி அளவில் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கணினியில் ஒரு மிரட்டல் கடிதத்தைப் பார்த்தார். கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் உடனே மேற்பார்வையாளருக்குத் தகவல் சொன்னார். 5.55-க்குக் குழாய்களை நிறுத்தும் வேலை தொடங்கியது. 6.10-க்குள் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனிலிருந்து நியூ ஜெர்சி வரை நீளும் சுமார் 8,850 கி.மீ. குழாய் வலையில் எரிபொருள் ஓட்டம் முழுக்க நின்றிருந்தது.

இந்த வலை நாளொன்றுக்கு சுமார் 25 லட்சம் பீப்பாய் பெட்ரோல், டீசல், விமான எரிபொருளைக் கொண்டு செல்கிறது. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை பயன்படுத்தும் எரிபொருளில் ஏறத்தாழ 45% இதன் வழியாகத்தான் வருகிறது. 1960-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டதிலிருந்து மொத்த வலையையும் ஒரே நேரத்தில் நிறுத்தியது அதுதான் முதல் முறை என்று நிறுவனம் சொன்னது. நிறுத்தத்துக்குக் காரணம் வெடிகுண்டோ புயலோ அல்ல. பணம் பறிக்கும் கும்பல் ஒன்று நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளுக்குள் நுழைந்திருந்தது.

அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது ஏவுகணை, விமானந்தாங்கிக் கப்பல், உளவுச் செயற்கைக்கோள் என்றே நம் மனம் போகிறது. அந்தப் பாதுகாப்பின் உண்மையான ஓட்டை எங்கே இருந்தது என்பதைக் காட்டியதால் இந்த நிகழ்வை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லையையும் வானையும் கடலையும் அரசு தானே காத்தது. நாட்டின் எரிபொருள் குழாய்களைக் காக்கும் பொறுப்பை மட்டும் உடைமையாளர்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. அப்படி விட்டது தற்செயல் அல்ல, பல ஆண்டுகளாகத் தெரிந்தே எடுத்த முடிவு.

நுழைந்த வழி

ஊடுருவல் ஏப்ரல் 29-ஆம் தேதியே நடந்துவிட்டது. வெளியிலிருந்து அலுவலக வலையமைப்பில் இணைய உதவும் விபிஎன் கணக்கு ஒன்று இருந்தது. பயன்பாட்டிலிருந்து விலகியும் மூடப்படாமல் கிடந்த பழைய கணக்கு அது. அதன் பாஸ்வேர்டு வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்டு தொகுப்பு ஒன்றில் இருந்ததைப் பின்னர் விசாரித்த மாண்டியன்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டனர். அதே பாஸ்வேர்டை ஊழியர் வேறொரு தளத்திலும் பயன்படுத்தியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வங்கிச் செயலியில் ஓடிபி கேட்பது போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அந்தக் கணக்குக்கு இல்லை. பாஸ்வேர்டு கையில் இருந்தால் போதும், உள்ளே போய்விடலாம்.

ஜூன் 8-ஆம் தேதி செனட் குழுவின் முன் சாட்சி சொன்ன தலைமை நிர்வாகி ஜோசஃப் பிளௌன்ட், அது எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு அல்ல என்றார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். கசிந்துபோன பிறகு பாஸ்வேர்டு எவ்வளவு சிக்கலானதாக இருந்தாலும் பயனில்லை. ஐந்து ஆண்டுகளில் தகவல் தொழில்நுட்பத்துக்காக 20 கோடி டாலர் செலவிட்டதாகவும் அவர் சொன்னார். அவ்வளவு செலவுக்கு நடுவே ஒரு பழைய கணக்கு மூடப்படாமல் இருந்ததை எந்த விதியும் கேட்கவில்லை, எந்த ஆய்வாளரும் பார்க்கவில்லை. தனியொரு ஊழியரின் அசட்டையை விட இதைத்தான் பெரிய குறையாகப் பார்க்கிறேன்.

உள்ளே வந்தவர்கள் டார்க்சைட் என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) கும்பலின் கூட்டாளிகள். அந்தக் கும்பல் பூட்டும் மென்பொருளை எழுதிப் பராமரிக்கும். நிறுவனங்களுக்குள் நுழையும் வேலையைக் கூட்டாளிகள் செய்வார்கள். கிடைக்கும் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். ரஷ்ய மொழி நிறுவப்பட்ட கணினிகளை அந்த மென்பொருள் தொடாமல் விட்டுவிடும். சொந்த ஊர்க் காவல்துறையின் கோபத்தைத் தூண்டாமல் இருக்க அவர்கள் கண்ட வழி அது. பூட்டுவதற்கு முதல் நாள், இரண்டு மணி நேரத்துக்குள் சுமார் 100 ஜிபி தரவையும் அள்ளிச் சென்றார்கள். பணம் தராவிட்டால் அதை வெளியிடுவோம் என்பது இரண்டாவது மிரட்டல்.

குழாயை ஏன் நிறுத்தினார்கள்?

பூட்டப்பட்டவை அலுவலகக் கணினிகள்: பில்லிங், கணக்கு, நிர்வாகம். பம்புகளையும் வால்வுகளையும் இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்குள் தீநிரல் நுழைந்ததற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. பிறகு ஏன் நிறுத்தினார்கள்? அது அங்கும் பரவியிருக்கிறதா என்று அந்த அதிகாலையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது நிறுவனம் தந்த காரணம். பில்லிங் முடங்கினால் யாருக்கு எவ்வளவு எரிபொருள் போனது என்று கணக்கிட முடியாமல் போகும் என்ற கவலையும் இருந்ததாகச் செய்திகள் வந்தன.

நிறுத்தியது சரியான முடிவு என்பதே என் எண்ணம். எரிபொருள் நிறைந்த, உயர் அழுத்தக் குழாயின் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் இயக்குவது மனித உயிரோடு விளையாடுவது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நிறுத்திய பிறகு கணினி உதவியின்றிக் கையால் இயக்கித் திரும்பத் தொடங்க எவ்வளவு ஆயத்தம் இருந்தது? வடக்குப் பகுதியில் ஒரு கிளைக் குழாயைக் கையிருப்பு உள்ளவரை ஆட்களை வைத்து இயக்க முடிந்தது. பிரதானக் குழாய்கள் அசையவில்லை. ஊழியர்கள் குழாய்த் தடத்தைச் சோதிக்கச் சுமார் 46,000 கி.மீ. வண்டியோட்டினார்கள் என்று பிளௌன்ட் பிறகு சொன்னார். அவர்கள் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓராண்டு கழித்து, 2022 மே மாதத்தில், குழாய்களின் இயக்கப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் கூட்டாட்சி முகமை கலோனியல் மீது ஏறத்தாழ 10 லட்சம் டாலர் அபராதம் முன்மொழிந்தது. கையால் நிறுத்தவும் திரும்ப இயக்கவும் போதிய திட்டம் வைத்திருக்கவில்லை, பாதிப்பு நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அந்த முகமையின் குற்றச்சாட்டு.

ஆறு நாட்கள்

குழாயில் எரிபொருள் மெதுவாகத்தான் நகரும், கிட்டத்தட்ட மனிதன் நடக்கும் வேகத்தில். ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் துறைமுகம் சேரச் சராசரியாக 18 நாளுக்கு மேல் ஆகும். வழிநெடுகக் கிடங்குகளில் இருப்பும் இருந்தது. நிறுத்திய அடுத்த நாளே பெட்ரோல் பங்குகள் வற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. வற்றவைத்தது அச்சம். செய்தி பரவியதும் பாதி டேங்க் நிரம்பியிருந்த வண்டிகளும் வரிசையில் நின்றன. வட கரோலினாவில் பாதிக்கு மேற்பட்ட பங்குகளில் பெட்ரோல் தீர்ந்தது. தலைநகர் வாஷிங்டனில் மே 14-ஆம் தேதி 10-க்கு 8-க்கும் மேற்பட்ட பங்குகள் காலி, அதுவும் குழாய் மீண்டும் இயங்கத் தொடங்கிய பிறகு. நாட்டின் சராசரி பெட்ரோல் விலை 2014-க்குப் பிறகு முதல் முறையாக கேலனுக்கு 3 டாலரைத் தாண்டியது. பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் பிடிக்காதீர்கள் என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்து கிளம்பும் இரண்டு நெடுந்தூர விமானங்களை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வழியில் இறக்கி எரிபொருள் நிரப்பியது.

அரசு தன் கையில் இருந்தவற்றைச் செய்தது. மே 9-ஆம் தேதி 17 மாநிலங்களுக்கும் வாஷிங்டனுக்கும் லாரி ஓட்டுநர்களின் பணி நேர வரம்பைத் தளர்த்தியது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கிடையே அமெரிக்கக் கப்பல்கள் மட்டுமே சரக்கு ஏற்றலாம் என்ற 1920-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து தற்காலிக விலக்கு கொடுத்தது. ஜார்ஜியா ஆளுநர் பெட்ரோல் வரியை நிறுத்திவைத்தார். இவை எல்லாம் புயல் அடித்த பிறகு எடுக்கும் நடவடிக்கைகள். உலகிலேயே ராணுவத்துக்கு மிக அதிகம் செலவிடும் அரசால், பூட்டப்பட்ட ஒரு தனியார் அலுவலகக் கணினியை முன்வைத்து நேரடியாகச் செய்ய முடிந்தது மிகக் குறைவு.

மே 12 மாலை 5 மணி அளவில் குழாய் இயங்கத் தொடங்கியது. பெட்ரோல் பங்குகள் இயல்புக்குத் திரும்ப மேலும் பல நாட்கள் பிடித்தன.

கொடுத்த பணம், மீண்ட பணம்

பிளௌன்ட் தாக்குதல் நாளிலேயே பணம் கொடுப்பதென்று முடிவெடுத்தார். மறுநாள் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கைமாறியது. பதிலுக்குக் கிடைத்த திறவுநிரல் மிக மெதுவாக வேலை செய்ததால் தங்கள் சொந்தக் காப்பு நகல்களையே நம்ப வேண்டியதாயிற்று. நாட்டுக்கு நல்லது என்று கருதியே கொடுத்தேன் என்று அவர் பின்னர் விளக்கினார். எஃப்.பி.ஐ. பணம் கொடுப்பதை ஆதரிப்பதில்லை. ஆனால் அதைத் தடுக்கும் பொதுச் சட்டமும் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் உள்ளவர்களுக்குப் பணம் போனால் மட்டுமே கருவூலத் துறை தண்டிக்க முடியும்.

பிளௌன்டைக் கோழை என்று சொல்ல நான் தயாரில்லை. கோடிக்கணக்கானவர்களின் எரிபொருள் நின்றிருக்கும்போது, காப்பு நகல்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்று தெரியாத நிலையில், அந்த இருக்கையில் இருந்த எவரும் தடுமாறியிருப்பார்கள். ஆனால் ஒரு நாட்டின் உயிர்நாடியைப் பற்றிய முடிவு ஒரு நிறுவன அதிகாரியின் தோளில் மட்டும் விழுந்தது எப்படி? இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சட்டம் இயற்றுபவர்கள்.

ஜூன் 7-ஆம் தேதி துணை அட்டர்னி ஜெனரல் லிசா மொனாக்கோ எதிர்பாராத செய்தி ஒன்றை அறிவித்தார். 75-ல் 63.7 பிட்காயினை அரசு கைப்பற்றிவிட்டது. பிட்காயின் பரிவர்த்தனைப் பேரேடு எல்லோரும் பார்க்கத் திறந்தது. பணம் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு நகர்கிறது என்று பின்தொடரலாம். எடுப்பதற்குத் தேவையான ரகசியத் திறவுகோல் எஃப்.பி.ஐ.யிடம் இருந்தது. அது எப்படிக் கைக்கு வந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. கைப்பற்றிய அளவு மொத்தத்தில் 85%. கூட்டாளிக்குச் சேரும் பங்கும் ஏறத்தாழ அதுவே என்பதால், அவரது கணக்கே சிக்கியது என்று ஆய்வாளர்கள் கருதினர். இடைப்பட்ட வாரங்களில் பிட்காயின் விலை சரிந்திருந்ததால் அதன் மதிப்பு 23 லட்சம் டாலராகத்தான் இருந்தது. அதற்கு முன்பே, மே நடுவில், கடையை மூடுவதாக டார்க்சைட் அறிவித்திருந்தது.

மூடியது பெயர்ப்பலகையை மட்டும்தான். அடுத்து வந்த பிளாக்கேட் என்ற கும்பலின் நிரலாளர்கள், பணம் வெளுப்பவர்கள் பலருக்கு டார்க்சைட்டோடு தொடர்பு உண்டு என்று எஃப்.பி.ஐ. 2022 ஏப்ரலில் எச்சரித்தது. 2024 பிப்ரவரியில் அந்தக் கும்பல் சேஞ்ச் ஹெல்த்கேர் என்ற மருத்துவக் கட்டணப் பரிமாற்ற நிறுவனத்தைப் பூட்டியது. நாடு முழுக்க மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் திணறின. தாய் நிறுவனம் சுமார் 2.2 கோடி டாலர் கொடுத்தது. அங்கும் திருடர்கள் நுழைந்தது இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு தொலைநுழைவு வாசல் வழியாக. அதன் தலைவர் காங்கிரஸின் முன் அதை ஒப்புக்கொண்டார். பெட்ரோல் வரிசைகள் கலைந்து மூன்று ஆண்டு ஆகவில்லை.

யார் காவல்?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பிறந்த போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது விமான நிலையங்களில் பையைச் சோதிக்கும் அதே டி.எஸ்.ஏ.தான், எரிபொருள் குழாய்களின் பாதுகாப்புக்கும் பொறுப்பு. குழாயும் ஒரு வகைப் போக்குவரத்து என்பதால் சட்டம் அதன் கையில் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் 27 லட்சம் மைலுக்கு மேல் குழாய்கள் ஓடுகின்றன. 2018 டிசம்பரில் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, டி.எஸ்.ஏ.யின் குழாய்ப் பாதுகாப்புப் பிரிவில் 2014-ல் ஒரே ஓர் ஊழியர் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. வழிகாட்டு நெறிகள் இருந்தன, ஆனால் அவை விருப்பமிருந்தால் பின்பற்றலாம் என்ற வகை. டி.எஸ்.ஏ. கேட்ட ஒரு பாதுகாப்பு ஆய்வை கொரோனா காலத்தில் கலோனியல் தள்ளிப்போட்டிருந்தது என்பதும் காங்கிரஸ் விசாரணையில் பேசப்பட்டது. தள்ளிப்போட அதற்கு உரிமை இருந்தது.

இந்த நிலை எப்படி வந்தது என்று பார்க்க 2012-க்குப் போக வேண்டும். ஜோ லீபர்மன், சூசன் காலின்ஸ் ஆகிய இரு செனட்டர்கள் முக்கிய உள்கட்டமைப்புக்கான சைபர் பாதுகாப்பு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தனர். முதல் வடிவத்தில் கட்டாயத் தரங்கள் இருந்தன. தொழில் துறை எதிர்த்ததும் அவற்றை விருப்பத் தரங்களாக மாற்றினார்கள். அப்படி நீர்த்த பிறகும், ஆகஸ்ட் 2-ஆம் தேதி செனட்டில் 52-46 என்ற வாக்குகளே கிடைத்தன. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகத் தேவை 60. மசோதா அங்கேயே செத்தது. கட்டாயம் என்றால் செலவு கூடும், அரசின் தலையீடு பெருகும், அதிகாரிகளைவிட நிறுவனங்களுக்கே தங்கள் கணினிகளைப் பற்றி நன்றாகத் தெரியும் என்பவை எதிர்த்தவர்களின் வாதங்கள். கடைசி வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த அந்தப் பெட்ரோல் வரிசைகளுக்கு 2012-ன் அந்த வாக்கெடுப்பில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

தகவல் சொல்லும் கடமைகூட அப்போது இருக்கவில்லை. மே 11-ஆம் தேதி செனட் குழு முன் வந்த சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவின் அப்போதைய பொறுப்பு இயக்குநர் பிராண்டன் வேல்ஸிடம், கலோனியல் உங்களை அழைத்ததா என்று கேட்டார்கள். இல்லை, எஃப்.பி.ஐ.தான் எங்களை உள்ளே கொண்டுவந்தது என்றார். எஃப்.பி.ஐ. சொல்லாவிட்டால் நிறுவனம் தானாக உங்களை அழைத்திருக்குமா? அழைத்திருக்காது என்பது அவரது கணிப்பு.

பிறகு மாறியவை

மே 12-ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்ட 14028-ஆம் எண் நிர்வாக ஆணையைப் பலரும் கலோனியலுக்கான பதிலடி என்று நினைக்கிறார்கள். அதன் பெரும்பகுதி, 2020 டிசம்பரில் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள் வழியாக அரசுக் கணினிகளுக்குள் நடந்த ஊடுருவலை மனத்தில் வைத்து ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. அது அரசுக் கணினிகளையும் அரசுக்கு மென்பொருள் விற்பவர்களையும் கட்டுப்படுத்தும். தனியார் குழாயைத் தொடாது.

உண்மையான திருப்பம் மே மாதக் கடைசியில் வந்தது. டி.எஸ்.ஏ. முதல் முறையாகக் குழாய் நிறுவனங்களுக்குக் கட்டாய உத்தரவு போட்டது. சைபர் சம்பவத்தை 12 மணி நேரத்துக்குள் சிசாவிடம் தெரிவிக்க வேண்டும், எந்நேரமும் தொடர்புகொள்ளக்கூடிய பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், தங்கள் குறைகளை 30 நாளில் தாங்களே மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். ஜூலையில் வந்த இரண்டாவது உத்தரவு தொழில்நுட்ப விவரங்களுக்குள் இறங்கியது. குழாய்த் தொழிலுக்குப் பொருந்தாத கணினி விதிகளை அப்படியே திணிக்கிறார்கள் என்று பொறியாளர்கள் முறையிட்டார்கள். நியாயமான முறையீடு அது; 2022 ஜூலையில், என்ன பலன் வேண்டும் என்பதைச் சொல்லி, வழியை நிறுவனங்களிடம் விடும் வடிவத்துக்கு உத்தரவை மாற்றினார்கள். தவறைக் கேட்டுத் திருத்திய விதம் பாராட்டுக்குரியது. விதியே இல்லாமலிருந்த இருபது ஆண்டுகளில் இப்படித் திருத்துவதற்கே எதுவும் இருக்கவில்லை.

2022 மார்ச் 15-ஆம் தேதி இன்னொரு சட்டம் கையெழுத்தானது. முக்கிய உள்கட்டமைப்பு நிறுவனங்கள் பெரிய சைபர் சம்பவத்தை 72 மணி நேரத்திலும், மீட்புப் பணம் கொடுத்தால் 24 மணி நேரத்திலும் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்றது. நடைமுறை விதிகளை எழுதும் வேலை அதோடு தொடங்கியது. வரைவு வரவே 2024 ஏப்ரல் ஆகிவிட்டது.

வெளியுறவில் பைடன் 2021 ஜூன் 16-ஆம் தேதி ஜெனீவாவில் புடினைச் சந்தித்து, சைபர் தாக்குதல் தொடக்கூடாத 16 துறைகளின் பட்டியலைக் கொடுத்தார். நவம்பரில் டார்க்சைட் தலைவர்களைப் பற்றித் துப்புக் கொடுத்தால் 1 கோடி டாலர் வரை பரிசு என்று வெளியுறவுத் துறை அறிவித்தது. 2022 ஜனவரி 14-ஆம் தேதி ரஷ்ய உளவுத் துறை ரெவில் என்ற வேறொரு கும்பலைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தது. அவர்களில் ஒருவர் கலோனியல் தாக்குதலுக்குப் பொறுப்பானவர் என்று அமெரிக்க அதிகாரி ஒருவர் சொன்னார். அடுத்த மாதமே உக்ரைன் போர் மூண்டது. அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டார்க்சைட்டுக்கு வேண்டியிருந்தது பணம். தங்கள் நோக்கம் பணம்தான், சமூகத்துக்குத் தொல்லை தருவதல்ல என்று அவர்களே மே 10-ஆம் தேதி அறிக்கை விட்டார்கள். பணம் வேண்டாத, போர்க்காலத்தில் விளக்கை அணைக்கக் காத்திருக்கும் ஓர் அரசு அதே வாசலில் நுழைந்தால்? 2024 பிப்ரவரியில் சிசாவும் எஃப்.பி.ஐ.யும் தேசியப் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து, வோல்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட சீன அரசு சார்ந்த குழு எரிசக்தி, போக்குவரத்து, தொலைத்தொடர்பு, குடிநீர் வலையமைப்புகளுக்குள் புகுந்து பதுங்கியிருப்பதாக எச்சரித்தன. சில இடங்களில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பதுங்கியிருந்தார்களாம்.

குடிநீர்

குழாய்க்கு விதி வந்தது, டி.எஸ்.ஏ.க்குச் சட்டம் முன்பே அதிகாரம் கொடுத்திருந்ததால். அப்படி அதிகாரம் இல்லாத துறையில் என்ன ஆகும் என்பதற்குக் குடிநீரே உதாரணம். சமுதாயக் குடிநீர் அமைப்புகள் அமெரிக்காவில் சுமார் 50,000. பெரும்பாலானவை சிற்றூர்களுக்கானவை; கணினிப் பாதுகாப்புக்கென்று தனி ஆள் வைக்க வசதியில்லாதவை. 2023 மார்ச்சில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மாநிலங்கள் வழக்கமாகச் செய்யும் குடிநீர் நிலைய ஆய்வில் சைபர் பாதுகாப்பையும் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மிசூரி, ஆர்கன்சாஸ், அயோவா ஆகிய மாநிலங்கள் வழக்குப் போட்டன, குடிநீர் நிறுவனங்களின் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் முகமை உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நவம்பர் 25-ஆம் தேதி பென்சில்வேனியாவின் அலிகிப்பா நகரக் குடிநீர் ஆணையத்தின் அழுத்த ஊக்க நிலையம் ஒன்றில், யூனிட்ரானிக்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியை ஈரான் சார்ந்த குழு கைப்பற்றித் திரையில் தன் செய்தியைப் போட்டது. அதே வகைக் கருவிகள் வேறு பல மாநிலங்களிலும் தாக்கப்பட்டன. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் பாஸ்வேர்டை மாற்றாமல், கருவியை இணையத்தில் திறந்துவைத்திருந்ததே வழியாக அமைந்தது என்று அரசு முகமைகள் தெரிவித்தன. அந்தப் பாஸ்வேர்டு 1111.

அலிகிப்பாவில் அலாரம் அடித்ததும் ஊழியர்கள் கருவியை நிறுத்திவிட்டு நிலையத்தைக் கையால் இயக்கினார்கள். தண்ணீர் நிற்கவில்லை, கெடவும் இல்லை. அவர்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தது ஊர்மக்களின் நல்வாய்ப்பு. எல்லா ஊர்களுக்கும் அந்த வாய்ப்பு அமையும் என்று எதிர்பார்க்க முடியாது. குடிநீர் நிலையத்தின் கணினிப் பாதுகாப்பை நேரில் வந்து பார்க்கும் தெளிவான அதிகாரத்தைக் காங்கிரஸ் சட்டமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும், சிற்றூர்களுக்கு அதற்கான பணத்தையும் சேர்த்து.